முன்னால் வந்தவர்கள்

தாஸ்புலாக், கராகந்தா, கசகஸ்தான்
5 நவம்பர் 1992

அன்புள்ள கதிஷா அக்காவுக்கு, உங்கள் ஓரகத்தி ரவுகான் எழுதுவது.

ஆடுமாடு சுகமா? குதிரைகள் சுகமா? நீங்களும் பெரியவரும் சுகமா? பதிலுக்கு நீங்கள் விசாரிக்க எங்களிடம் ஆடுமாடு எதுவும் இல்லை. ஒரு பூனை இருக்கிறது. இந்த வீட்டில் முன்பு இருந்த ஜெர்மன் குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. அது சுகம். ஆட்களும் சுகம்.

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடு, நடுவில் ஒரு சுவர். எங்கள் பாதியில் நாங்கள். மறுபாதி காலி. அடுப்பு நல்ல அடுப்பு, செங்கல் சூடேறினால் விடியும்வரை ஆறாது. மின்சாரம்தான் நினைத்தால் வருகிறது, நினைத்தால் போகிறது. உங்கள் கொழுந்தனுக்குப் பண்ணையில் மாட்டுத் தொழுவ வேலை. தெலூனில் குதிரையைவிட்டு இறங்காத மனுஷர் இப்போது கையில் மண்வாரியோடு நிற்கிறார்.

உல்ஜானை நாலாம் வகுப்பில் சேர்த்தோம். அங்கே முதல் பெஞ்சில் இருந்தவள் இங்கே கடைசிப் பெஞ்சில் இருக்கிறாள். பாடம் முழுக்க ரஷ்ய மொழியில். கசாக் நாட்டுக்கு வந்து கசாக் பேசினால் வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியவில்லை, மீதிப் பேர் புரியாதது மாதிரி இருக்கிறார்கள். மூன்று மாதத்தில் அவள் கற்றுக்கொண்டது ஒரே ஒரு ரஷ்யச் சொல். ‘தெரியாது.’ எதைக் கேட்டாலும் எழுந்து நின்று அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறாளாம்.

“குளிர்கால லீவு முடியட்டும். அப்பவும் இப்படியே இருந்தாள்னா, வசந்தத்துல ஜுல்கபில் லாரியில ஏத்தி அண்ணிகிட்ட அனுப்பிடறேன். அங்கயாவது புள்ள படிக்கட்டும்” என்கிறார் உங்கள் கொழுந்தன். நம் சனங்களின் மூட்டை முடிச்சுகளை அங்கிருந்து இங்கே கொண்டுவரும் அதே ஜுல்கபில்தான்.

நீங்கள் பெறவில்லையே தவிர அவளை வளர்த்தது நீங்கள்தான். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் கிளம்பிய அன்றுவரை உங்கள் படுக்கையில்தான் தூங்கினாள். உங்களிடம் இருந்தால் எனக்குக் கவலை இல்லை. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அன்புடன்,
ரவுகான்


தெலூன், மங்கோலியா
27 நவம்பர் 1992

தங்கச்சி ரவுகானுக்கு,

ஆடுமாடு சுகம். செம்மறி ஒன்றை ஓநாய் கொண்டுபோனது, அதற்கு மட்டும் சுகமில்லை. பெரியவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது, இருந்தாலும் என்னைத் திட்டுவதற்குத் தெம்பு இருக்கிறது. உன் பூனைக்கு என் விசாரிப்பைச் சொல்.

குளிர்காலத்துக்குக் குதிரை அறுத்தோம். உங்கள் பங்கை எடுத்து வைத்துவிட்டேன். இடுப்பெலும்பு ஒன்று, விலா, கசி இரண்டு சுருள். கசியை நானே குடலில் அடைத்தேன், குறை சொல்லாமல் தின்னுங்கள். போன வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டோம், இந்த வருஷம் லாரியில் ஏற்றுகிறேன். ஜுல்கபில் வழியில் தின்றுவிட்டால் என்னிடம் சொல்.

நீ அடுப்பைப் பற்றி எழுதினாய். சுவரைப் பற்றி எழுதினாய். பூனையைக்கூட விடவில்லை. உங்களுக்கு எருலிக் போட்டது யார் யார் என்று எழுதவில்லையே. புதிதாக வந்து இறங்கிய குடும்பத்தை அக்கம்பக்கத்தார் முறைவைத்து அழைத்து, கறி போட்டு உட்காரவைக்காத கசாக் ஊர் உண்டா? முதலில் யார் கூப்பிட்டார்கள்? என்ன கறி? தலையை யாருக்கு வைத்தார்கள்? எல்லாம் எழுது. எனக்கு இங்கே படிக்க வேறு ஒன்றும் இல்லை.

குழந்தை விஷயம். அனுப்பினால் நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. அதை இப்போதே பேச வேண்டாம்.

கதிஷா


தாஸ்புலாக்
20 டிசம்பர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

ஆடுமாடு சுகமா? பெரியவரின் இடுப்பு எப்படி இருக்கிறது? நாங்கள் எல்லாரும் சுகம்.

கறி வந்து சேர்ந்தது. ஜுல்கபில் ஒரு துண்டுகூடத் தொடவில்லை, அதற்குக் கூலியாக எங்கள் வீட்டில் மூன்று கிண்ணம் அதிகமாக டீ குடித்தார். மூட்டையைப் பிரித்ததும் உல்ஜான் கசியை முகர்ந்து பார்த்து, “பெரியம்மா கை வாசனை” என்றாள். கிடங்கில் தொங்கவிட்டிருக்கிறோம். வசந்தம்வரை வைத்துச் சாப்பிட வேண்டும் என்று உங்கள் கொழுந்தன் உத்தரவு.

பள்ளிக்கூடத்தில் நேற்று புத்தாண்டு மரம் வைத்துக் கொண்டாட்டம். வருஷக் கடைசி நெருங்கினால் மின்சாரம் இருக்காது என்று முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். பெண் பிள்ளைகள் எல்லாரும் பனிச்செதில் வேஷத்தில் வெள்ளைப் பாவாடை போட்டு வர வேண்டுமாம். டீச்சர் சொன்னது இவளுக்குப் புரியவில்லை. நீங்கள் தைத்துக் கொடுத்த ஆட்டுத்தோல் கோட்டும் நரித்தோல் குல்லாயும் போட்டுக்கொண்டு எப்போதும்போல் போய்விட்டாள். அத்தனை வெள்ளைப் பாவாடைக்கு நடுவில் இவள். எல்லாரும் இதுதான் வேஷம் என்று நினைத்து முதல் பரிசு கொடுத்துவிட்டார்கள். ஒரு பை நிறைய மிட்டாயும் ஆரஞ்சும்.

பை இன்னும் ஜன்னலில் இருக்கிறது. அவள் பிரிக்கவில்லை.

இந்த மாசக் கடைசியில் லீவு தொடங்குகிறது. ஜனவரி பதினொன்றில் பள்ளிக்கூடம். அக்கம்பக்கத்தார் நல்ல மாதிரி. எதிர் வீட்டில் டிராக்டர் ஓட்டும் ஒஸ்பானும் அவர் மனைவி ரிம்மாவும் இருக்கிறார்கள். நம்மவர்கள்தான். எல்லாருக்கும் வேலை அதிகம். குளிரும் அதிகம். ஜுல்கபில் கிளம்பிக்கொண்டிருக்கிறார், இதோடு முடிக்கிறேன்.

ரவுகான்


தெலூன்
5 ஜனவரி 1993

ரவுகான்,

ஆடுமாடு சுகம், ஆட்கள் சுகம், இடுப்பும் சுகம். இதோடு விசாரிப்பு முடிந்தது.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. எல்லாருக்கும் வேலை அதிகம் என்று எழுதினாய். எருலிக் போட நேரமில்லாத அளவுக்கு யாருக்கு என்ன வேலை? ஒருவரும் உங்களைக் கூப்பிடவில்லை. அதை மூன்று பக்கத்துக்குள் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாய்.

நீ என்ன செய்துகொண்டிருப்பாய் என்றும் தெரியும். நம் முறைப்படி, கூப்பிடாத வீட்டு வாசலைப் புதிதாக வந்தவள் மிதிக்கக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு திரைக்குப் பின்னால் புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருப்பாய். உன்னைப் பார்த்து உன் மகளும் உட்கார்ந்திருப்பாள். அவள் வாய் எப்படித் திறக்கும்? அந்த ஊர்க்காரர்களுக்கு மறந்துபோயிருக்கும். மறந்தவர்களுக்காகக் காத்திருப்பது முட்டாள்தனம். நீயே போய்க் கதவைத் தட்டு. முறை கெட்டால் கெடட்டும், பழியை என் மேல் போடு.

குழந்தையை அனுப்புவதென்றால் அனுப்பு. இங்கே என் பக்கத்தில் இடம் இருக்கிறது. ஆனால் தாயைவிட்டு வந்து படுக்கிற பிள்ளைக்கு அது சரியான இடம் இல்லை. இதை எழுத எனக்குச் சுலபமாக இல்லை, அதனால் இரண்டாவது தடவை எழுதமாட்டேன்.

கதிஷா


தாஸ்புலாக்
9 ஜனவரி 1993

அன்புள்ள அக்காவுக்கு,

ஆடுமாடு சுகமா? நீங்கள் சுகமா? டிசம்பர் கடிதத்துக்கு உங்கள் பதில் இன்னும் வரவில்லை. அது வருவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு முதலில் பதில். ஆகஸ்டிலிருந்து எங்களுக்கு எருலிக் போட்டவர் ஒருவரும் இல்லை. வெட்கமாக இருந்தது, எழுதவில்லை.

லீவு தொடங்கியதிலிருந்து உல்ஜான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். தெருவில் பிள்ளைகள் சறுக்கு வண்டி இழுத்துக்கொண்டு போவார்கள். இவள் பார்த்துக்கொண்டு இருப்பாள். “போயேன்டி” என்றால், “கூப்பிடலையேம்மா” என்பாள். நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் தேதி ஒரு லாரி வந்து நின்றது. சுவருக்கு அந்தப்பக்கம் காலியாகக் கிடந்த பாதியில் ஒரு ரஷ்யக் குடும்பம் இறங்கியது. தஜிகிஸ்தானில் சண்டை என்று ஓடிவந்தவர்கள். அம்மா தமாரா, அப்பா மெக்கானிக், லீதா என்று உல்ஜான் வயதில் ஒரு பெண். இரண்டு பெட்டி, ஒரு தையல் மெஷின். அவ்வளவுதான் சாமான்.

உல்ஜான் ஜன்னலைவிட்டு இறங்கி என்னிடம் வந்தாள்.

“அம்மா, பக்கத்துல ஆளு வந்து இறங்கியாச்சு. கறி போடலையா?”

“நமக்கே யாரும் போடல. நாம எங்க போடறது?”

“நமக்குப் போடலன்னா நாமளும் போடக்கூடாதா?”

“அவங்க ரஷ்யக்காரங்கடி. அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது.”

“தெரியாட்டி என்ன? அவங்களுக்கு முன்னாடி வந்தது நாமதானே. அவங்களுக்கு நாமதான் பழைய ஆளுங்க.”

அக்கா, அதைக் கேட்டு நான் அப்படியே அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாதமாக நான் புதிதாக வந்தவள், புதிதாக வந்தவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு லாரி வந்து நின்றதும் நாங்கள் பழையவர்களாகிவிட்டோம் என்பது பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் கொழுந்தன் கட்டிலில் படுத்திருந்தார். வசந்தத்துக்கு வைத்த கறி என்று சத்தம்போடுவார் என்று பயந்தேன். எழுந்து கிடங்குக்குப் போய் இடுப்பெலும்பு, விலா, கசி எல்லாவற்றையும் கொண்டுவந்து அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்தார். “போடறதுன்னா ஒழுங்காப் போடணும்” என்றார்.

கொதிக்க ஆரம்பித்ததும் அழைக்கப் போனது உல்ஜான்தான். அவளுக்குத் தெரிந்த ரஷ்யச் சொல் ஒன்றுதானே. கதவைத் தட்டி, தமாராவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, “தெரியாது, தெரியாது” என்றிருக்கிறாள். எங்கள் வீடு தீப்பிடித்துக்கொண்டது என்று நினைத்து அந்தப் பெண் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தாள். பின்னால் புருஷன் மண்வாரியோடு. உள்ளே வந்து பார்த்தால் மேஜைத் துணி, எண்ணெயில் பொரித்த பவுர்சாக், டீ. வாளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

அந்த ஓட்டத்தைப் பார்த்து எதிர் வீட்டு ஒஸ்பானும் ரிம்மாவும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து வந்துவிட்டார்கள். வாசலிலேயே நின்றார்கள்.

“என்ன இது, கல்யாணமா?” என்று கேட்டார் ஒஸ்பான்.

“எருலிக்” என்றாள் உல்ஜான்.

அவர் குல்லாயைக் கழற்றினார். “எங்கம்மா போடுவாங்க. நான் சின்னப் பையனா இருக்கறப்ப. அப்புறம் யாரும் போட்டுப் பாக்கல” என்றார். பிறகு, “ஆகஸ்ட்லயே உங்களக் கூப்பிட்டிருக்கணும்” என்றார்.

ரிம்மா என்னிடம், “நீங்க ஒருநாள்கூட வாசல் தாண்டி வரல. மங்கோலியாக்காரி திமிர் புடிச்சவ, நம்மள மதிக்கமாட்டான்னு தெருவே பேசிக்கிச்சு” என்றாள்.

“கூப்பிடாம எப்படி வர்றது?” என்றேன் நான்.

“வராம எப்படிக் கூப்பிடறது?” என்றாள் அவள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. எனக்கு அழுகை வந்தது, அதையும் சிரிப்பாக மாற்றிக்கொண்டேன்.

தலை இல்லாத விருந்துதான். தலையை யாருக்கு வைத்தோம் என்று நீங்கள் கேட்க வேண்டாம். இடுப்பெலும்பை மெக்கானிக்குக்கு வைத்தார் உங்கள் கொழுந்தன். கசியில் முதல் துண்டை உல்ஜான் தன் கையாலேயே லீதாவுக்குக் கொடுத்தாள். குதிரைக் கறி என்று ரிம்மா சொன்னதும் லீதா அதைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள். உல்ஜான் பார்த்தாள். உள்ளே போய், ஜன்னலிலிருந்த அந்தப் பரிசுப் பையைக் கொண்டுவந்து பிரித்து அவள் முன்னால் கொட்டினாள். ஆரஞ்சு பாதி காய்ந்துபோயிருந்தது. இரண்டு பேரும் ஒன்று விடாமல் தின்று தீர்த்தார்கள்.

நீங்கள் எங்களுக்கென்று எடுத்து வைத்த பங்கை முன்பின் தெரியாதவர்களுக்குப் போட்டுவிட்டோம் அக்கா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ரவுகான்


தாஸ்புலாக்
26 ஜனவரி 1993

அன்புள்ள அக்காவுக்கு,

ஆடுமாடு சுகமா? அங்கே பனி அதிகம் என்று ரேடியோவில் சொன்னார்கள். மேய்ச்சல் கிடைக்கிறதா?

என்னைத் திட்டி எழுதிய கடிதம் எருலிக் முடிந்த மறுவாரம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். உங்கள் கொழுந்தனுக்கும் வாசித்துக் காட்டினேன், கடைசிப் பத்தியைத் தவிர.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் சுவரை யாரோ மூன்று தடவை தட்டினார்கள். உல்ஜான் பதிலுக்கு மூன்று தடவை தட்டினாள். கோட்டை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லீதாவும் இவளும் ஒரே பெஞ்சு. லீதா புதிதாக வந்தவளாம், ஆகையால் இவள்தான் அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்கிறாளாம். எந்த மொழியில் என்று கேட்டேன். “சொல்லிக்கொடுக்கறதுக்குத்தான் கத்துக்கறேன்” என்றாள். இவளை நான்தான் பெற்றேனா என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

ஒஸ்பான் வீட்டில் எருலிக் ஆயிற்று. எங்கள் இரண்டு குடும்பத்தையும் சேர்த்தே அழைத்தார்கள். அடுத்து மூலை வீடு, அதற்கு அடுத்து பால்காரி வீடு. தெருவுக்கே வெறி பிடித்துவிட்டது. தமாரா எங்களைக் கூப்பிட்டுச் சோறு போட்டாள், காரட் போட்டு, தஜிகிஸ்தான்காரர்கள் பாணியில். முறை தலைகீழ் என்று சொல்லிப் பார்த்தேன், அவள் கேட்கவில்லை.

போன வாரம் ஜுல்கபில் வந்தபோது, “வசந்தத்துல புள்ளைய ஏத்தணும்னியே, சீட்டு வைக்கட்டுமா?” என்று கேட்டார். உங்கள் கொழுந்தன், “அண்ணனுக்கு மருந்து இருக்கு, அத வச்சிரு சீட்டுல” என்றார். அவ்வளவுதான் பேச்சு. மருந்து வந்து சேர்ந்ததா?

ரவுகான்

பெரியம்மா, நான் உல்ஜான். உங்கள் கசி எல்லாருக்கும் பிடித்தது. லீதாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. இப்போது பிடிக்கிறது.


தெலூன்
20 பிப்ரவரி 1993

ரவுகானுக்கு,

ஆடுமாடு பரவாயில்லை. மருந்து வந்தது. கடிதங்கள் வந்தன. சந்தோஷம். கறியைப் பற்றிக் கவலைப்படாதே, அது போக வேண்டிய வாய்க்குத்தான் போயிருக்கிறது. பிள்ளையைத் திட்டாதே.

கதிஷா


தாஸ்புலாக்
18 மார்ச் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

ஆடுமாடு சுகமா? குட்டிகள் போட ஆரம்பித்துவிட்டனவா? நீங்கள் சுகமா? இதை மட்டும் மறுபடியும் கேட்கிறேன், நீங்கள் சுகமா?

உங்கள் கடிதம் சின்னதாக இருந்தது. நீங்கள் ஒரு ஓநாயைத் திட்டவே அரைப் பக்கம் எழுதுகிறவர். வந்த நாளிலிருந்து அந்தச் சின்னக் கடிதத்தை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஜுல்கபில் வந்தபோது கேட்டேன். அவர் முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்.

அக்டோபரிலேயே நீங்கள் பஞ்சு அடித்து ஒரு சின்ன மெத்தை தைத்துவிட்டீர்களாம். பள்ளிக்கூடத்தில் போய் அவளுக்கு இடம் கேட்டு வைத்தீர்களாம். பெரியவர் அவளுக்கென்று ஒரு மேஜை செய்து ஜன்னலோரம் போட்டாராம். நாங்கள் கிளம்பும்போதே பிள்ளை திரும்பி வருவாள் என்று உங்கள் மனசுக்குத் தோன்றியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் என் முதல் கடிதமே வந்திருக்கிறது.

அந்த மெத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் எருலிக் போட்டது யார் என்று கேட்டு எழுதினீர்களா? போய்க் கதவைத் தட்டு, பிள்ளையின் வாய் திறக்கட்டும் என்று எழுதினீர்களா? கறியை அனுப்பினீர்களா? அதை எழுதாமல் சும்மா இருந்திருந்தால் பிள்ளை உங்களிடம் வந்திருப்பாள். உங்களுக்குத் தெரியும். தெரிந்தே செய்தீர்கள். இந்தக் குடும்பத்துக்கு நான் மருமகளாக வந்ததில் எனக்கு வாய்த்த பெரிய பாக்கியம் நீங்கள்தான் அக்கா. இதை நேரில் சொன்னால் அடிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

இப்போது ஒரு விஷயம். ஒஸ்பான் வீட்டுக்கு அடுத்த வீட்டு ஜெர்மன்காரர்கள் மே மாதம் போகிறார்கள். உங்கள் கொழுந்தன் பண்ணை ஆபீஸில் பேசிவிட்டார். ஒஸ்பான் சாட்சிக்கு வந்தார். தொழுவம் இருக்கிற வீடு. கிணறு பக்கம். உல்ஜான் அந்த வாசலில் நின்று காலால் அளந்துவிட்டு வந்து, “பெரியம்மாவுக்கு முதல் எருலிக் நம்ம வீட்டுலதான், ரிம்மா அத்தை போட்டி போடக்கூடாது” என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இரண்டு மொழியிலும் சொன்னாள்.

பெரியவருக்கு மலையைவிட்டு வர மனசு வராது என்று தெரியும். கேட்டு மட்டும் பாருங்கள்.

ரவுகான்


தெலூன்
12 ஏப்ரல் 1993

என் ரவுகானுக்கு,

ஆட்கள் சுகமா? நீ சுகமா, என் கொழுந்தன் சுகமா, என் உல்ஜான் சுகமா?

விசாரிப்பை ஆட்களிலிருந்து ஆரம்பிக்கிறாளே, கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று நினைக்காதே. ஆடுமாட்டைப் பற்றி விசாரிக்க எங்களிடமும் இனி ஒன்றும் இல்லை. கிடையை உன் பெரியவர் தன் மச்சானிடம் ஒப்படைத்துவிட்டார். உன் கடிதத்தை நான் வாசித்து முடிக்கும்வரை குனிந்து இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார். முடித்ததும், “தொழுவம் இருக்குன்னு எழுதியிருக்கால்ல?” என்று கேட்டார். இருக்கு என்றேன். எழுந்து வெளியே போனார். ஆடுகளைக் கிடைக்குள் ஓட்டுகிறார் என்று நினைத்தேன். எண்ணிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

ஜுல்கபிலின் வாயில் பூட்டுப் போட வேண்டும். அவன் சொன்னது எல்லாம் உண்மை. பிப்ரவரியில் உன் கடிதம் வந்த அன்று அந்த மெத்தையைப் பிரித்துப் பஞ்சை வேறு எதற்காவது போடலாம் என்று கத்தரிக்கோல் எடுத்தேன். பிரிக்க மனசு வரவில்லை. சந்தோஷம் என்று உனக்கு எழுதினேனே, அது பொய் இல்லை. ஆனால் அதைத் தாண்டி ஒரு சொல் எழுதியிருந்தாலும் பேனா வேறு எங்கேயோ போயிருக்கும்.

அந்த மெத்தையைச் சுருட்டிக் கட்டிவிட்டேன். லாரியில் முதலில் ஏறுவது அதுதான், மேஜை ரெண்டாவது. பிள்ளை தன் அம்மா வீட்டில் தூங்கட்டும். எப்போதாவது எதிர்ச்சாரிக்கு வந்து என் பக்கத்தில் படுக்கத் தோன்றினால் படுக்க இடம் வேண்டுமே.

உல்ஜானிடம் சொல். நாங்கள் வந்து இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முறைப்படி. அவள் வந்து கூப்பிடும்வரை வாசல் தாண்டமாட்டோம். கூப்பிட அவளுக்கு இப்போது எத்தனை சொல் தெரிந்தாலும் சரி, எனக்கு அந்தப் பழைய ஒரு சொல்லிலேயே கூப்பிடச் சொல். வாளியை நான் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

கதிஷா